உள்தாழ்ப்பாள்

கரண்டி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. தன் கையிலிருந்துதான் விழுந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

தொற்றுக் காய்ச்சல் கண்டு, தனியே ஒதுங்கி ஆறாவது நாள். இருமலும் வியர்வையும் மருந்து வாடையும் சேர்ந்து புழுங்கிய அந்தச் சின்ன அறையில், கட்டிலில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. எடு என்றாள் மனதுக்குள். அது அசையவில்லை.

டாக்டர் எச்சரித்தது ஞாபகம் வந்தது. "இந்தக் காய்ச்சல்ல சில பேருக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கும். கை விழுந்தாலோ வாய் கோணினாலோ உடனே ஓடி வாங்க. நாலு மணி நேரம் தாண்டினா ஊசி போட்டுப் பிரயோஜனமில்ல."

சுவர்க் கடிகாரத்தில் பகல் மணி பதினொன்று. நேரம் இருக்கிறது. புருஷன் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"சரி" என்றாள்.

அவள் சொல்ல நினைத்தது அது இல்லை. உயிரைக் கொடுத்து மறுபடி முயன்றாள். "சரி. சரி."

நாளெல்லாம் தொலைபேசியில் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவள். அந்த வாய்க்குள் இப்போது மிச்சம் இருந்தது அந்த ஒரே சொல்.

"என்ன வாயாடி, கூப்பிட்டியா?" கதவோரம் அவன் குரல். "பாப்பாவத் தூங்க வச்சிட்டு நானும் கொஞ்சம் படுக்கிறேன், என்ன?"

"சரி."

அவன் சிரித்தான். "கல்யாணமாகி நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் மறுபேச்சு பேசாம சரிங்கிற. காய்ச்சலுக்குப் பெரிய கும்பிடு."

காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கைப்பேசியை இடது கையால் எடுத்தாள். திரையில் எழுத்துகள் எறும்புகளாய் ஊர்ந்தன. ஒன்றுகூடப் பிடிபடவில்லை. எழுந்தாள், வலது கால் மடங்கித் தரையில் விழுந்தாள். கன்னத்தில் பட்ட தரையின் குளிர்ச்சி ஒரு பக்கம் மட்டுமே தெரிந்தது. நாலு எட்டு தூரத்திலிருந்த கதவுக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

கதவின் மேல்தாழ்ப்பாளை அவளேதான் போட்டிருந்தாள். இரண்டு வயதுப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறாள் என்று. இப்போது அது வானத்தில் இருந்தது.

தட்டினாள்.

"சாப்பிட்டாச்சா? நான் தள்ளித்தான் நிக்கிறேன். திறந்து தட்ட வெளிய வை."

கதவைத் தட்டினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். இருவரும் பேசி வைத்துக்கொண்டது. விடாமல் தட்டினாள்.

"புரியுதும்மா. அவசரமில்ல, அப்புறம் வை."

வெளியே தொலைபேசி மணி. "ஆமாங்க நர்ஸம்மா... இருங்க, கேக்கிறேன். ஏய், ஆஸ்பத்திரியிலருந்து விசாரிக்கிறாங்க. பயப்படும்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிடட்டுமா?"

பல்லைக் கடித்தாள். சொல்லக் கூடாது. இல்லை என்று சொல். இல்லை. இல்லை. இல்லை.

"சரி."

"கேட்டீங்கல்ல? நல்லாத்தான் இருக்கா."

அழுதாள். கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. கதவின் அடி இடுக்கில் வெளியிலிருந்து ஈரத்துண்டு திணித்திருந்தது, நோய்க்காற்று வெளியே போகக் கூடாதென்று. இடது கை விரல்களால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. நெம்பினாள். துண்டு விலகியது. வெளிச்சம். விரல்களை வெளியே நீட்டினாள்.

"அம்மா கை!" குழந்தை கைகொட்டியது.

"தொடாத பாப்பா!" அவன் குனிவது தெரிந்தது. குரல் குழைந்தது. "பிள்ளையப் பாக்காம இருக்க முடியலையா? எனக்கும்தான் கஷ்டமா இருக்கு. இன்னும் நாலே நாள். கைய உள்ள எடுத்துக்கம்மா."

"சரி."

விரல்கள் போகவில்லை. துடித்தன. தரையைப் பிறாண்டின.

"பிடிவாதம்" என்றான் அவன், அவ்வளவு பிரியமாக. கடிகாரம் மூன்று அடித்தது. துண்டை நனைத்து மடித்து வந்து, ஒவ்வொரு விரலாக, வலிக்காமல், உள்ளே தள்ளி இடுக்கை அடைத்தான்.