சிரிப்பு ஷாட்

கூலிக்கு அழ வந்தவர்கள் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்பதை அம்சவல்லி மூன்றாவது டேக்கில்தான் கவனித்தாள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டு முற்றம். பாடையில் மல்லாந்து, மூச்சை அடக்கிக் கிடந்தாள். சீரியலில் அவள் பெயர் கௌரி. சுற்றி உட்கார்ந்திருந்த வயல்வேலைப் பெண்களோ, "தர்மாம்பா... எங்க தர்மாம்பா..." என்று மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"பேரு என்னவோ சொல்லட்டும், டப்பிங்ல பாத்துக்கலாம்," என்றார் இயக்குநர் துரைராசு. அவருக்கு உலகத்தில் எல்லாமே டப்பிங்கில் சரியாகிவிடும்.

பதினோரு வருடமாக டிவியில் அழுதே பிழைத்தவள் அம்சவல்லி. கௌரி செத்தால் அந்தப் பிழைப்பும் போச்சு. இன்றைய காட்சி நன்றாக வந்தால் கௌரியின் தங்கையாக அவளையே திரும்பக் கொண்டுவருவதாக துரைராசு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே எறும்பு கடித்தும் அசையாமல் கிடந்தாள்.

இடைவேளையில், தலைமாட்டில் இருந்த எல்லையம்மாளிடம் கேட்டாள். "யாரும்மா அந்தத் தர்மாம்பா?"

"என்கூட நடவு நட்டவ. ஆட்சி மாறிடுச்சு, குத்தகை நெலத்தை இனி யாரும் புடுங்க முடியாதுன்னு நம்பி, புடுங்குன நெலத்தைத் திருப்பிக் கேட்டு இதே முத்தத்துல வந்து படுத்தா. பொணமாத்தான் தூக்குனோம். அழுதா நடவுக்கு வரக்கூடாதுன்னு பண்ணையில சொல்லிட்டாங்க. முப்பது வருசமா அவளுக்கு யாரும் அழலைங்க. இன்னிக்குத்தான்..."

அதற்குள் துரைராசு குரல் கொடுத்தார்.

"கடைசி டேக். வாய்க்கரிசியை சும்மா போடற மாதிரி காட்டுங்கம்மா!"

சும்மா போடவில்லை. பிடிப் பிடியாக ஈர அரிசி வாய்க்குள் விழுந்தது, நாக்கில் வயல் சேறு கரித்தது, ஓலம் ஏற ஏற மூடிய கண்ணுக்குள் மதிய வெயில் மங்கிக்கொண்டே போயிற்று, பாடை மூங்கில் இரண்டு பேர் கனத்தில் முனகியது. அவள் தோளை ஒட்டி ஒரு தோள். ஈரமாக. ஜில்லென்று.

"கட்! மேடம், எழுந்து சிரிங்க."

பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் எடுத்தால்தான் அவரைப் பிடித்த சாவு விலகும் என்பது அந்த யூனிட்டின் நம்பிக்கை. அம்சவல்லி இதுவரை நான்கு முறை செத்து, நான்கு முறையும் சிரித்தவள்.

எழப் பார்த்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை. கத்தப் பார்த்தாள். வாய் நிறைய அரிசி.

பாடை ஒருமுறை குலுங்கியது. யாரோ எழுந்தார்கள்.

அவள் இல்லை.

"அடடா, என்ன சிரிப்பு மேடம்! தங்கச்சி கேரக்டர் உங்களுக்குத்தான். வண்டில ஏறுங்க."

"வரேன் சார்."

அவளுடைய குரல். அவளுடைய வளையல் சத்தம். நான் இங்கே இருக்கிறேன், இங்கே, இங்கே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கார்க் கதவுகள் சாத்தும் ஓசை கேட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

இமை நூலளவு திறந்தது. பெண்கள் கலையவில்லை. போகிற வண்டியைப் பார்த்து, கல்யாணப் பெண்ணை வழியனுப்புவதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லையம்மாள் குனிந்தாள். திறந்த கண்ணைப் பார்த்தாள். உள்ளங்கையால் பதமாக மூடினாள்.

"பொறுத்துக்கம்மா," என்று இன்னொரு பிடி அரிசியை அடைத்தாள்.

நான்கு பெண்கள் பாடையைத் தோளில் தூக்கினார்கள்.

ஒருத்தியும் அழவில்லை.