தாழம்பூவுக்கு ஒரு விளக்கு

கண் விழித்ததும் இலக்கியா தன் சுண்டு விரலைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. இரண்டு வருடமாக மரக்கட்டையாய்க் கிடந்த விரல் அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டில் இருந்த ஒப்புக்காப்பின் பச்சை விளக்கு அணைந்தது.

"உங்கள் உடலில் உறைநரம்பு நோய் இல்லை. வட்டத்திலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். வாழ்த்துகள்" என்றது காப்பு. அதன் பிறகு அவள் எத்தனை முறை தட்டியும் அது பேசவில்லை.

பெருமன்றம் என்ற பொது இணையத்தளம் ஓய்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் உலகமே அதில்தான் குடியிருந்தது. தலைவலி என்று ஒருவர் எழுதினால் நூறு பேர் கஷாயம் சொல்வார்கள், இருநூறு பேர் நடிக்காதே என்று ஏசுவார்கள், நடுவில் புகுந்து ஒருவன் தைலம் விற்பான். அலுத்துப்போன ஜனங்கள் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரிந்துகொண்டார்கள். வட்டத்துக்குள் நுழையக் கடவுச்சொல் கிடையாது. ஒப்புக்காப்பு உங்கள் ரத்தத்தையும் நரம்பையும் படிக்கும். உள்ளே இருப்பவர்களைப் போலவே நீங்களும் இருந்தால் மட்டும் கதவைத் திறக்கும். உள்ளே பெயர், ஊர், தொலைபேசி எண் எதையும் சொல்லக் கூடாது. வெளியாள் பேச்சு ஒரு சொல்கூட உள்ளே வராது. டாக்டர்களும் வெளியாட்கள்தான், அவர்களுக்கு அந்த நோய் இல்லையே. அது எத்தனை பெரிய நிம்மதி என்று படுத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

உறைநரம்பு விரல் நுனியில் மரப்பாகத் தொடங்கி, மூன்று வருடத்தில் மூச்சை நிறுத்திவிடும் நோய். அந்த வட்டத்தில் இலக்கியாவின் பெயர் தாழம்பூ. செம்பருத்தி என்ற பெண்ணோடு தினமும் பேசுவாள், முகம் பார்த்ததில்லை. கையிலிருந்த டம்ளர் முதன்முதலாக நழுவிய அன்று, செம்பருத்தி அதைத் தன் கணவரிடம்கூடச் சொல்லாமல் இவளிடம்தான் சொல்லி அழுதாள்.

கோயம்புத்தூரில் ஒரு புதுச் சிகிச்சை இருப்பதாக, புதிதாக நோய் கண்டு வந்த யாரோ வட்டத்தில் சொன்னார்கள். முப்பத்தொரு பேர் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து பேசவில்லை. செத்துவிட்டதாக எண்ணி ஒவ்வொருவருக்கும் வட்டம் விளக்கேற்றியது, இலக்கியாவும் ஏற்றினாள். எப்படியும் சாகப் போகிறோம், அங்கேயே போய்ச் சாவோம் என்றுதான் அவளும் கிளம்பினாள். செம்பருத்தி போகாதே என்று கெஞ்சினாள். "பொழச்சா மொதல்ல உன்கிட்டதான் வந்து சொல்லுவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள் இலக்கியா.

பத்தாம் நாள் மறுபரிசோதனைக்குப் போனபோது, கூடத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. விக்கல் மாதிரி விட்டு விட்டு வரும் சிரிப்பு. வட்டத்தில் அவள் பலமுறை கேட்ட சிரிப்பு அது. மெதுவடை தின்றுகொண்டிருந்த அந்தக் கனத்த மனிதரிடம் போய், "நீங்க வட்டத்துல மொச்சைக்கொட்டைதானுங்க? எட்டு மாசத்துக்கு முந்தி உங்களுக்கு விளக்கேத்துனேன்" என்றாள்.

அவர் வடையைக் கீழே வைத்தார். "செத்துட்டேன்னா நெனச்சீங்க?"

அவரும் ஒரு மாதம் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு மாடித்தோட்டக்காரர்கள் வட்டத்தில் சேர்ந்து கத்தரிக்காய் பேசிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் விசாரித்தால், முப்பத்தொரு பேருமே பிழைத்திருந்தார்கள். சுகமான நொடியிலேயே காப்பு அவர்களை வெளியே தள்ளிவிட்டதால், உள்ளே இருந்தவர்களுக்கு அவர்கள் செத்தவர்கள் ஆகிவிட்டார்கள். இப்போது தானும் முப்பத்திரண்டாவது சாவு என்பது இலக்கியாவுக்குப் புரிந்தது. செம்பருத்திக்கு மரப்பு தோள்வரை ஏறியிருந்தது. மிஞ்சிப்போனால் நான்கு மாதம்.

பெருமன்றத்தைத் திறந்து பார்த்தாள். இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "செம்பருத்தி, நான் உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதினாள். தைலம் விற்கும் இயந்திரங்கள் நாற்பது பதில் போட்டன. மனிதர் ஒருவரும் அங்கே இல்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. அடுத்த வியாழக்கிழமை சிகிச்சைக்குச் சேர இருந்தவர் நிதின்ராஜ் என்ற லாரி ஓட்டுநர், நாற்பது வயதுக்காரர், நோய் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் உடம்பைக் காப்பு மறுக்காது. இலக்கியா அவருக்கு ஒரு காப்பு வாங்கி மாட்டிவிட்டாள். தன் பத்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினாள். தாழம்பூ பிழைத்துவிட்டாள், உடனே கிளம்பி வரச் சொன்னாள் என்று செம்பருத்தியிடம் சொல்லுங்கள். நம்பாவிட்டால் டம்ளர் நழுவிய கதையைச் சொல்லுங்கள், எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவருடைய கட்டில் காலியாக இருந்தது. இலக்கியா தொலைபேசியில் அழைத்தாள். வெகுநேரம் கழித்து எடுத்தார்.

"நீங்க ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் நிதானமாக. "செம்பருத்தியம்மா டம்ளர் கதையக் கேட்டு அப்பிடி அழுதாங்க. செத்துப்போன தாழம்பூ காப்புல இருந்து ஆஸ்பத்திரிக்காரங்க திருடிச் சொல்லச் சொல்லியிருக்காங்கன்னாங்க. முப்பத்திரண்டு பேரு போயி ஒருத்தர்கூடத் திரும்பலைங்க. நான் வரலைங்க."

"நான்தாங்க தாழம்பூ. நேர்ல பாத்தீங்களே."

"பாத்தேனுங்க. உங்க வெரலையும் பாத்தேன். இந்த நோவு வந்த வெரலு அப்பிடி மடங்காதுன்னு அங்க எல்லாருமே சொன்னாங்க."

எதைக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தாளோ, அதுவே அவளைப் பொய்யாக்கிவிட்டது. செம்பருத்தியைக் காப்பாற்றப் போய், பிழைத்திருக்க வேண்டிய இன்னொரு மனிதரையும் தன் கையாலேயே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்கள் என்று கெஞ்சினாள்.

"அப்பிடித்தான் கூப்பிடுவீங்கன்னும் சொன்னாங்க" என்றார் அவர். பிறகு மனசு கேட்காதவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க ஆரோ எவரோ, உங்களச் சொல்லிக் குத்தமில்லைங்க. அந்தத் தாழம்பூங்கறவங்க நல்லவங்களாம். இன்னிக்குச் செம்பருத்தியம்மாகூடச் சேந்து நானும் அவங்களுக்கு ஒரு விளக்கு வெச்சேனுங்க."