நீலப் புள்ளியில் தண்ணீர்

பழைய படத்தில் இத்தனை ஆட்டுத்தடங்கள் இருந்தனவா என்று எபனுக்கு உறுதியாக நினைவில்லை. விமானத்திலிருந்து எடுத்த புதிய படத்தில், கலஹாரி ஓரத்துப் பாழ்நிலத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் அவை ஒரே இடத்தில் வந்து குவிந்தன. தடங்கள் குவிந்தால் அங்கே தண்ணீர் என்பது வரைபடக்காரர்களின் கணக்கு. அதை நம்பித்தான் முன்பு நேரில் போகாமலே வரைபடத்தில் அங்கே நீலப் புள்ளி வைத்தான். புள்ளியை நம்பி வறட்சியில் அறுபது ஆடுகளை ஓட்டிப்போன ஹெண்ட்ரிக் திரும்பவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பக்கம் ஒரு கால்நடையும் போகவில்லை.

அங்கே போகும் வழி ஹெண்ட்ரிக்கின் பண்ணைக்குள்தான். அவன் மனைவி கத்ரீனா வேலிக்கதவைத் திறக்காமல் நின்றாள்.

"புள்ளி வச்ச மகராசன் நீங்கதானா?"

"ஆமாக்கா. நேர்ல பாத்துட்டு, தண்ணி இல்லேன்னா அழிச்சிடறேன்."

"ஆட்டைக் கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லியிருக்கும். எம் புருஷன் உங்க பேனாவைக் கேட்டாரு." கதவைத் திறந்தாள். "இருந்தா வந்து சொல்லுங்க. மனுஷன் ஓடிப்போயிட்டான்னு திட்டிக்கிட்டாவது கிடப்பேன்."

தண்ணீர் இருக்க வேண்டும். இருந்தால், அவன் யாரையும் கொல்லவில்லை.

நண்பகலில் போய்ச் சேர்ந்தான். இன்ஜினை அணைத்ததும், தன் ரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்கிற அளவுக்கு ஓர் அமைதி வந்து கவிந்தது. புதுத்தடங்கள். எல்லாம் உள்ளே போனவை. வெளியே வந்தது ஒன்றுமில்லை. சிமென்ட் தொட்டி நிறைய மணல். பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினான். குண்டு புழுதி பூசிக்கொண்டு மேலே வந்தது.

வரைபடத்தை விரித்தான். புள்ளியை அழிக்கக் கை நகரவில்லை.

பின்னால் ஈர ரோமத்தின் வாடை. சளக், சளக்கென்று நாக்குகளின் சத்தம்.

திரும்பினான்.

ஆடுகள். விலா எலும்போடு ஒட்டிய தோல். மணலுக்குள் முகங்கள். தொண்டைகள் ஏறி இறங்கின. நடுவில் மண்டியிட்டு ஒரு மனிதன். நிமிர்ந்தான். தாடியிலிருந்து மணல் சொட்டியது.

"புள்ளி சரியாத்தான் இருக்கு தம்பி," என்று ஒதுங்கி இடம் விட்டான். "குடிங்க."

எபனுக்கு அழுகை வந்தது. நிம்மதியால்.

மண்டியிட்டான்.

குளிர்ந்திருந்தது.

கத்ரீனா பண்ணையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஹெண்ட்ரிக் கிடைக்கவேயில்லை. எபனைப் பதினோராம் நாள் கண்டெடுத்தார்கள். வண்டியில் இருபது லிட்டர் தண்ணீர் தொடாமல் இருந்தது. அவன் வாயிலிருந்து வயிறு வரை மணல். இன்னும் ஓர் ஆள் குடிக்க இடம் விட்டு, தொட்டியோரம் ஒதுங்கி மண்டியிட்டிருந்தான்.