வெயில் தூண் உபயம்

காலையில் வழக்கம்போல் வெயில் பிடிக்க வரிசை நின்றது.

நிலவின் தென்முனையில், சூரியன் எட்டியே பார்க்காத ஒரு பெரும்பள்ளத்துக்குள் இருந்தது நிழற்குழி மாவட்டம். பள்ளத்தின் விளிம்பில் நட்ட ஆடிகள் வெயிலை ஏந்தி, கண்ணாடி இழைகள் வழியே தெருக்குழாய்க்கு அனுப்பின. குழாய் வெயிலில் முகத்தைக் காட்டி, கீரைத்தொட்டியையும் காட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

“ஏம்மா, உன் கத்திரிச்செடிக்கும் தனியா இடம் போட்டு வச்சிருக்கியா? நகரு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“கொஞ்ச நாள் பொறுங்கக்கா. தூண் திறந்துட்டா ஊருக்கே வெயில்,” என்றாள் பூங்கோதை.

தூணை எழுப்பும் பொறியாளர் அவள்தான். மாவட்டம் பிறந்த நாளின் நினைவாகக் கண்ணாடியாலேயே ஒரு தூண். ஆடிகளின் வெயில் முழுவதும் அதற்குள் இறங்கிப் பள்ளமெங்கும் பரவும். பனிச்சுரங்கம் வெட்டி மாவட்டத்தை உண்டாக்கியவர்களின் பெயர்கள் அடியில் சிறிதாக இருக்கும்.

அவர்களில் ஒருத்தி அவளுடைய அம்மா அஞ்சலை. சுரங்கம் சரிந்த அன்று மீட்பு ஊர்தி வரவில்லை. மாவட்டத் தலைவர் திருஞானமூர்த்தியின் ஊர்வலத்தில், பிளாஸ்டிக் வாழைமரமும் தோரணமும் கட்டிக்கொண்டு அது நின்றது. அவற்றை அவிழ்ப்பதற்குள் அஞ்சலையின் உயிர்வளி தீர்ந்துவிட்டது.

அதே திருஞானமூர்த்தி இப்போது தூணின் வரைபடத்தைப் பார்த்தார்.

“இத்தனை பேர் எதுக்கும்மா? செத்தவங்களா வந்து படிக்கப் போறாங்க? எல்லாத்தையும் எடுத்துடு. ‘உபயம்’னு போட்டு என் பேரைப் போடு. கறுப்புல, பெருசா.”

பூங்கோதை வரைபடத்தைச் சுருட்டப் போனாள். ‘கறுப்புல’ என்ற சொல் உறைத்ததும் மறுபடி விரித்தாள்.

“பேரு மட்டும் போதுமாங்கய்யா? பட்டமெல்லாம்?”

“போடேன்.”

“அப்பா பேரு, தாத்தா பேரு?”

“நல்ல பொண்ணும்மா நீ!”

எழுத்துப் பொறிக்கும் எந்திரனுக்கு எழுத்தாணி என்று பெயர். பட்டங்களின் வரிசையைக் கேட்டதும் அது தயங்கியது.

“அம்மணி, எழுத்து கூடினால் ஒளி குறையும்.”

“பேசாம எழுது.”

திறப்பு விழாவில் திருஞானமூர்த்தி துணியை இழுத்தார். ஆடிகள் திரும்பின. தூணுக்குள் வெயில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அடி முதல் நுனி வரை கறுப்பு எழுத்து. இண்டு இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் ‘உபயம்’ என்ற நிழல் மட்டும் அவர் மொட்டைத்தலையில் விழுந்தது.

“ஐயா பேரு நல்லாத் தெரியுது. ஐயாவைத்தான் காணோம்!” என்று இருட்டிலிருந்து யாரோ சொல்ல, மாவட்டமே சிரித்தது. பூங்கோதை சிரிக்கவில்லை. அம்மா மூச்சுக்குத் தவித்தது போல அவர் பேச்சுக்குத் தவிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தேர்தலில் அவர் காணாமல் போனார். கறுப்பைச் சுரண்டிவிட்டு, சுரங்கத்தில் உழைத்தவர்களின் பெயர்களை எழுதுவது என்று முடிவாயிற்று. அவர்களின் சொந்தக்காரர்கள் பூங்கோதையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எங்கப்பா பேருக்கு இனிஷியல் விட்டுப்போச்சு.”

“வெறும் பேரா? மேஸ்திரின்னு போடும்மா.”

“அவருக்கு மட்டும் அவ்வளவு பெருசா? எங்க மாமா என்ன மட்டமா?”

பூங்கோதை யார் மனதையும் நோகடிக்கவில்லை. செத்தவர்கள் அல்லவா. எல்லாம் முடிந்தபின் நடுவில் கொஞ்சம் கண்ணாடி மிச்சமிருந்தது. அங்கே அஞ்சலையின் பெயரை, தூணைச் சுற்றி வரும் அளவுக்கு எழுதச் சொன்னாள்.

“அம்மணி, எழுத்து கூடினால்...”

“பேசாம எழுது.”

மறுநாள் காலை தெருக்குழாயடியில் மீண்டும் வரிசை நின்றது. அதில் கீரைத்தொட்டியுடன் பூங்கோதையும் நின்றாள். வழியில் தூணருகே சற்று நின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். அம்மாவின் பெயரை அங்கே கையால் தடவித்தான் படிக்க முடிந்தது.