துண்டுக்குள் கேட்ட விலை

எண்ணெய் வாசனைதான் முதலில் உறுத்தியது.

கொக்கிலமேட்டுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்த அந்த வீட்டில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்கவில்லை. கதவுக் கீல் தொட்டால் உதிர்ந்தது, ஆணிகளெல்லாம் சுவரில் செம்மண் கறையாக வழிந்திருந்தன. பத்து வருஷத்துக்கு மேலாக யாரும் கை வைக்கவில்லை என்று வீட்டுக்காரி சந்திரம்மா சொன்ன துப்பாக்கி மட்டும், அன்று காலையில் துடைத்து வைத்த மாதிரி சுவரில் சாய்ந்து மினுங்கியது. நைனா முகம்மது குழலில் விரலை ஓட்டி மூக்கருகே கொண்டுபோனார். புது எண்ணெய்.

வாங்குகிறவன் முகத்தில் ஆசை தெரிந்தால் விற்கிறவன் வாயில் விலை முளைக்கும். அதனால் அவர் பேதிக்கு மருந்து குடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, இதெல்லாம் எடைக்குத்தான் போகும் என்றார். உள்ளே நெஞ்சு குதித்தது. மார்ட்டினி, வெள்ளைக்காரன் பட்டாளத்துப் பழைய துப்பாக்கி. முழுசு.

செங்கல்பட்டு பஜாரில் வாப்பா காலத்திலிருந்து அவர் இரும்புக்கடை வைத்திருந்த கட்டிடம் கோதண்டராமனுடையது. அந்த மனுஷனுக்குப் பழைய பட்டாளத் துப்பாக்கிகளைச் சேர்க்கிற பைத்தியம். சுடத் தெரியாது, மாட்டத் தெரியும். யுத்தம் முடிந்து சர்க்கார் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போட்டபோது பதினொன்று வாங்கிக் கூடத்தில் வரிசையாக மாட்டிவிட்டார். பன்னிரண்டாவது ஆணி காலி. அதற்கு ஒரு மார்ட்டினி கொண்டுவந்தால் கடையையே எழுதித் தருவதாகவும், இல்லையென்றால் மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடும்படியும் சொல்லியிருந்தார். லைசென்ஸ் தன் பாடு என்றும் சொன்னார். நைனா முகம்மது மூன்று வருஷம் பென்ஷன் சுபேதார்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினார். குழல் இருந்தால் கட்டை இருக்காது, கட்டை இருந்தால் கறையான் இருக்கும். மாசக் கடைசிக்கு இன்னும் நாலு நாள்.

மூன்று மணிதான். ஆனால் ஐப்பசி மேகம் கடலிலிருந்து எழும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டது. மகாபலிபுரம் டீக்கடையில் இதை விதவை வீடு என்றுதான் அடையாளம் சொன்னார்கள். இந்தப் பெண்பிள்ளை நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது, காலில் மெட்டி இருந்தது. டீக்கடைப் பேச்சு டீயை விடத் தண்ணி என்று நினைத்துக்கொண்டார்.

துப்பாக்கி வந்த கதையை அவளே சொன்னாள். ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான் என்று பட்டணமே காலியாகி ஓடியபோது, அவள் புருஷன் தர்மராஜைக் கடலோரக் காவலுக்கு எடுத்தார்களாம். இந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, உள்ளறை ஜன்னலில் நின்று கடலைப் பார், மாற்று ஆள் வருகிற வரைக்கும் நகராதே என்று சொல்லிப் போனார்களாம்.

"வந்தாங்களா?"

"யாரும் வர்ல பாய்."

சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்காத சாமான். பயந்த சாமான் மலிவாகப் போகும். அவர் விலைப் பேச்சை எடுத்தார்.

"வெலயெல்லாம் அவருதான் பேசுவாரு," என்றாள் சந்திரம்மா. "வாயால பேச மாட்டாரு. துண்டப் போட்டு கைய நீட்டு."

உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அப்பால் இருட்டு. யாரோ காலை மாற்றி நிற்கிற சத்தம், ஈரத் துணி உரசுகிற சத்தம், கருவாட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவான ஒரு வாடை. நோயாளி போலிருக்கிறது என்று அவர் பிஸ்மில்லா சொல்லித் தோள் துண்டை வலது கையில் போர்த்திக் கதவிடுக்கில் நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் பழகிய வித்தை அது. துண்டுக்குள் விரலைப் பிடித்தால் எண்ணிக்கை, கையை இறுக்கினால் பேரம் முடிந்தது. இறுக்கிய பிறகு பின்வாங்கியவனைச் சந்தையில் யாரும் ஆளாக மதிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விரல் என்றால் பத்தா நூறா என்பதை மட்டும் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

சொல்வதற்குள் அந்தக் கை வந்துவிட்டது.

குளிர்ச்சி. நாள்பட்டுத் தண்ணீரில் ஊறியது போலத் தோல் நொதநொதவென்று நகர்ந்தது. ஆள்காட்டி விரலில் மட்டும் கெட்டியான காய்ப்பு. நைனா முகம்மது வழக்கம்போல அடிமட்டத்தில் ஆரம்பித்தார், இரண்டு விரல். அந்தக் கை ஒன்றை மெதுவாக மடக்கிவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டது.

ஒன்று.

முப்பது வருஷ வியாபாரத்தில், கேட்டதற்குக் கீழே இறங்கி வந்த விற்பனைக்காரனை அவர் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். பஜார் கடை கண்ணுக்குள் வந்து நின்றது. ஒன்றென்றால் என்ன என்று கேட்கலாம். கேட்டால் விலை ஏறும். மிஞ்சிப்போனால் நூறு.

இறுக்கினார்.

"ஒத்துக்கினியா பாய்?" சந்திரம்மாவின் குரல் முதுகுக்குப் பின்னால் மெல்லக் கேட்டது.

"ஒத்துக்கினேன். ஒண்ணு."

"ஒரு ஆளு," என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தார். அவள் கையில் மூட்டை இருந்தது, முன்பே கட்டி வைத்தது. கடல்காற்று அடித்து உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. ஒரு ஜன்னல். அதற்கப்பால் கடல். அறையில் யாரும் இல்லை.

துண்டு அந்தரத்தில் நின்றது. அதற்குள் அவர் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. இழுத்தார். வரவில்லை. ஓத வேண்டியது நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

பிறகு அது தானாக விட்டது. விரல் விரலாக.

துண்டு விழுந்தது. ஈரமான காலடிச் சத்தம் அவரைக் கடந்து வாசலுக்குப் போனது. அவசரமில்லாத நடை. சுமையை இறக்கி வைத்தவன் நடை.

ஓடிவிட நினைத்தார். கால்கள் நடந்தன, உள்ளே. போகிற வழியில் கைகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டன. அவர் எடுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே செங்கல் தரையில் இரண்டு குழிகள், பாத அளவில் தேய்ந்தவை. கால்கள் அதில் இறங்கின. பொருந்தின. துப்பாக்கி தோளில் ஏறியது. விரல்கள் மூடிக்கொண்டன. திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தூறல் விழுந்தது. சந்திரம்மா மணலில் போய்க்கொண்டிருந்தாள், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, புருஷனுக்குப் பின்னால் போகிறவளின் ஒடுங்கிய நடையில். அவர் கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளுக்கு அரை அடி முன்னால், ஆளில்லாத ஈர மணலில், பெரிய பாதத் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின.