கண்ணாடியில் இருந்த கறை

காலை ஒன்பது மணி. பேய்க்கெல்லாம் அது வேலை நேரமே இல்லை. பழைய படங்களைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்கிறவள் வழக்கம்போல வந்து, ஜன்னல் இல்லாத அந்த அறையைத் திறந்தாள். பழைய பிலிமின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. திரையைப் போட்டாள்.

கறை மறுபடியும் வந்திருந்தது.

அது ஒரு மர்மப் படம். கடைசிக் காட்சியில் கதாநாயகி மாடிப்படியில் நின்று, கொலைகாரன் இவன்தான் என்று நேராகக் கேமராவை நோக்கி விரலை நீட்டுவாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். யாரைக் காட்டினாள் என்று நாற்பது வருடமாக ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இவள் வீட்டில் அது பொழுதுபோக்குப் பேச்சில்லை. அந்த ஷாட் முடிந்த நிமிஷமே நடிகை அதே படியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். செட்டில் கூட இருந்தது கேமராமேன் மட்டும், அதாவது இவளுடைய அப்பா. விரல் அவரைத்தான் காட்டுகிறது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போலீஸ் விட்டும் பேச்சு விடவில்லை. அப்பாவும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மகளுக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு.

நடிகைக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதில்தான் கறை. பூஞ்சைதானே என்று மூன்று நாள் ஒவ்வொரு ஃப்ரேமாக அழித்தாள். மறுநாள் காலை பழையபடி இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று பாஸ்வேர்டைக்கூட மாற்றிவிட்டாள்.

இன்று அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள்.

கறை அல்ல. ஆள்.

கண்ணாடிக்குள் கேமரா, அதில் கண்ணை வைத்துக் குனிந்த அப்பா. அவர் தோளில் கை வைத்தபடி பின்னால் நெட்டையாக ஒரு உருவம். விரல் அப்பாவின் தலைக்கு மேலே, அந்த உருவத்தைக் காட்டியது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அப்பா, உங்க பின்னாடி யாரோ நின்னிருக்காங்க. உங்க தோள்ல கை வச்சு."

அப்பா டிவியை அணைப்பது கேட்டது.

"இடது தோளுதானே?" என்றார். "அன்னிலேருந்து மரத்துத்தான் கிடக்கு. சொன்னா யாரும்மா நம்புவா?"

"இப்ப நம்புவாங்கப்பா. சாட்சி இருக்கு."

"இரு..." அவர் குரல் மாறியது. "என்னமோ தெரியல. இப்பதான் தோள்ல உணர்ச்சி வருது."

அவள் திரையைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கேமரா இருந்தது. அப்பா இருந்தார்.

பின்னால் யாருமில்லை.

"நீ அங்கேருந்து எழுந்திரும்மா" என்றார் அப்பா.

போனைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை, தோளிலிருந்து மெல்ல மரத்துக்கொண்டு வந்தது.