சைகோன் போன பெட்டி

முப்பத்தைந்தாம் வருடத்து ஐப்பசி மழை. கடல் எது, கரை எது என்று மீன்களே குழம்பிப்போய், புதுச்சேரி கடல்பாலத்துக் கொட்டகையில் வந்து ஒதுங்கி நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனை வேடிக்கை பார்க்கவும் அந்தோணிமேரிக்குத் தெம்பில்லை. அங்கே கிடந்த ஒரு தகரப்பெட்டியின் மேல் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அது... என் பெட்டிங்க.”

நிமிர்ந்தாள். எதிரே நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். இமை நுனியில் மழைத்துளி... ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீள இமை?

“எழுந்திருக்கணுமா?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

சுருக்கென்றது. பெண் பார்க்க வந்த ஏழு வீட்டாரும் பலகாரத்தைக் காலிசெய்துவிட்டு இதையேதான் சொன்னார்கள். முதல் வீட்டார் யோசிக்கத் தொடங்கி ஒன்பது வருடம். அலுத்துப்போய்த்தான் சைகோனில் சித்தப்பா பிள்ளைகளை வளர்க்கக் கிளம்பிவிட்டாள். திரும்புவதாக இல்லை.

“நீங்களும் சைகோனா?”

“ஆமாங்க. ஆறு வருஷமா.”

பெயர் சகாயநாதன். ஒவ்வொரு கப்பலுக்கும் பெட்டியோடு வருவான். போகலாமா, வேண்டாமா என்று நிற்பான். கப்பல் போய்விடும். மீசையை வைப்பதா எடுப்பதா என்று யோசித்ததில் அது ஒரு பக்கம் நரைத்தே விட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று...

“சிரிச்சா நல்லா இருக்கீங்க.”

“இதுக்கு யோசிக்கலியா?”

“இல்லியே!” அவனே திகைத்தான்.

கப்பல் ஊதியது. அவள் எழுந்ததும், கப்பலுக்கு ஆளேற்றும் தோணிக்காரர் கன்னியப்பன், பெட்டி அவளுடையது என்று எண்ணித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். துணிமூட்டையோடு அவளும் பின்னால் போனாள். எட்டாவது தடவையும் காத்திருக்க முடியாது...

பின்னால் ஓடிவரும் சத்தம். அவள் திரும்பினாள்.

“ஐயோ, உங்க பெட்டி போவுதுங்க!”

“போவட்டும். நீங்க போவாதீங்க.”

“என்ன, இரக்கமா?”

“இல்லீங்க... ஆசை. கட்டிக்கிறேன்.”

அவள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிச்சு, யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கான்னு கேப்பாங்க. அதுக்குள்ள உங்க மனசு மாறிட்டா?”

“அந்த மூணு வாரம் ஊரு யோசிக்கட்டும். நான் யோசிச்சாச்சு.”

தோணி பெட்டியோடு நகர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூட்டையை நீட்டினாள்.

“கை வலிக்குது... இதப் புடிங்க.”

யோசிக்காமல் வாங்கிக்கொண்டான்.